குறுகிய காலப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுதுவது எப்படி? கடைசி நாளிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பாடத்திட்டம் எழுத உட்காருபவர்களில் பலரும் முதலில் ஒரு நல்ல புத்தகத்தை எடுக்கிறார்கள். அதன் பொருளடக்கத்தை வாரக் கணக்கில் பிரித்தால் அரை நாளில் சிலபஸ் தயார். ஆனால் நான்காவது வாரத்தில் வகுப்பு தடுமாறுகிறது. பாடங்கள் நடந்துகொண்டே இருக்கும், மாணவருக்கு வேலை மட்டும் வராது.

இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். கடைசி நாளில் மாணவர் என்ன வேலை செய்து காட்ட வேண்டும் என்பது முதலில். அதைச் சோதிக்கும் தேர்வு அடுத்தது. பிறகு அந்தத் தேர்வுக்கு வேண்டிய பயிற்சி. பாடத் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

உதாரணத்துக்கு ஒரே பயிற்சியை முழுக்க எடுத்துக்கொள்கிறேன்: சென்னையில் மாலை நேரத்தில் நடக்கும் அக்கவுண்ட்ஸ் உதவியாளர் பயிற்சி. 12 வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6.30 முதல் 8 மணி வரை. தையலுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் ஏசி மெக்கானிக் பயிற்சிக்கும் இதே வரிசைதான்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உண்மையான வேலைத் தாள்கள். இரண்டு மூன்று கடைகளிலிருந்து ஒரு மாதப் பில்கள், ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றின் நகல்களை உரிமையாளரின் அனுமதியோடு வாங்குங்கள். பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜிஎஸ்டி எண்ணை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதன் 15 எழுத்துகளில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அந்த வியாபாரியின் பான் எண்தான் இருக்கிறது. அதையும் மறையுங்கள்.

இரண்டாவது, நாள்காட்டி. அரசு விடுமுறைகளும் பண்டிகைகளும் குறித்த, சுவரில் மாட்டும் தினசரிக் காலண்டரே போதும்.

மூன்றாவது, அறையைப் பற்றிய உண்மை. எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது, எத்தனை பேர் சேர்வார்கள், கற்பிக்கப் போவது யார்? பத்து கம்ப்யூட்டருக்கு இருபது பேர் என்றால் பாதிப் பேர் எப்போதும் காகிதத்தில் வேலை செய்யும்படி திட்டம் இருக்க வேண்டும். இது தெரியாமல் எழுதிய திட்டத்தை முதல் வாரமே கைவிட வேண்டி வரும்.

2. யாருக்காக என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள்

'ஆர்வமுள்ள அனைவருக்கும்' என்று எழுதினால் யாருக்கும் எழுதவில்லை என்று பொருள். எங்கிருந்து வருகிறார்கள், பகலில் என்ன வேலை, எதுவரை படித்தவர்கள், வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா என்பதை எழுதுங்கள். தாம்பரத்திலோ திருவொற்றியூரிலோ இருந்து ரயில் பிடித்து வருகிறவர் 6.30-க்குச் சரியாக உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போடக் கூடாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு மென்பொருளில் வீட்டுப்பாடம் கொடுக்க முடியாது. இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு முடிவைத் தீர்மானிக்கும்.

அடுத்து, நுழைவுச் சோதனை. ஆளை வடிகட்ட வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். 20 நிமிடம், ஐந்தாறு கேள்விகள். நான் கட்டாயம் வைக்கச் சொல்லும் கேள்வி இது: ஒரு பில்லின் மொத்தம் ரூ.1,180, அதற்குள் 18 சதவீத வரி அடங்கியிருக்கிறது, வரி எவ்வளவு?

விடை ரூ.180. பலர் 1,180-க்கு 18 சதவீதம் கண்டு ரூ.212.40 என்று எழுதுவார்கள். பி.காம். முடித்தவர்களும் எழுதுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் அப்படி எழுதினால், ஜிஎஸ்டி பகுதிக்கு முன்னால் சதவீதக் கணக்குக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கியாக வேண்டும். இதை முதல் நாளே தெரிந்துகொள்வதும் எட்டாவது வாரத்தில் தெரிந்துகொள்வதும் ஒன்றாகாது.

3. வேலை கொடுப்பவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு உற்பத்தியாளர், தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் என வெவ்வேறு வகையாக நான்கைந்து பேரைப் பார்த்துப் பேசுங்கள்.

'என்ன திறமை வேண்டும்?' என்று கேட்டால் 'நல்லா வேலை தெரியணும், நேர்மையா இருக்கணும்' என்று சொல்வார்கள். அதை வைத்து ஒரு வகுப்பும் எழுத முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'புதுசா ஒருத்தர் சேர்ந்தா முதல் வாரம் அவர் கையில என்ன கொடுப்பீங்க? முதல் மாசத்துல எங்க தப்பு வந்துச்சு? அந்தத் தப்பைச் சரிபண்ண யாருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?'

அப்போது விஷயம் வரும். புதுச்சேரிக்குப் போட்ட பில்லில் மாநில வரி போட்டுவிட்டார்கள். கார்டு மெஷினில் வந்த பணம் மறுநாள் கமிஷன் கழித்து மொத்தமாக வங்கியில் ஏறியதை எந்த விற்பனைக்கு உரியது என்று பிரிக்கத் தெரியவில்லை. முதலாளி வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜை கடைச் செலவில் எழுதிவிட்டார்கள். இந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டத்தின் மூலப்பொருள். எந்தப் புத்தகத்தின் பொருளடக்கத்திலும் இது இந்த உருவத்தில் கிடைக்காது.

4. கற்றல் விளைவுகளை எழுதுங்கள்

பயிற்சியின் முடிவில் மாணவர் செய்து காட்ட வேண்டிய வேலைதான் கற்றல் விளைவு. கிடைத்த பட்டியலை ஐந்து அல்லது ஆறு விளைவுகளாகத் திரட்டுங்கள். 12 வாரத்துக்கு அதற்கு மேல் தாங்காது. இந்தப் பயிற்சிக்கு ஐந்து:

தாள்களைப் பிரித்து வகைப்படுத்துதல், பதிவுகளை ஏற்றுதல், வங்கிக் கணக்கைச் சரிகட்டுதல், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான விவரங்களைத் தயாரித்தல், யார் எவ்வளவு நாளாக எவ்வளவு பாக்கி என்று முதலாளிக்கு ஒரு பக்கத்தில் கொடுத்தல்.

இவை தலைப்புகள் மட்டுமே. ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக்க வேண்டும். அந்த வாக்கியத்தில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: கையில் என்ன கொடுக்கிறோம், என்ன செய்வார், எவ்வளவு நேரத்தில், எந்த அளவுக்குச் சரியாக. மூன்றாவது விளைவை எழுதிப் பார்ப்போம்:

'ஒரு மாத வங்கி ஸ்டேட்மென்டையும் கேஷ்புக்கையும் கொடுத்தால், 45 நிமிடத்தில் வேறுபாடுகள் அனைத்தையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, சரிகட்டும் பட்டியல் தயாரிப்பார்.'

இங்கே புதியவர்கள் தொடர்ந்து செய்யும் பிழை, 'புரிந்துகொள்வார்', 'அறிந்துகொள்வார்' என்று முடிப்பது. புரிந்ததை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? பிரிப்பார், ஒப்பிடுவார், கண்டுபிடிப்பார், திருத்துவார், தயாரிப்பார் என்று கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்லில் முடியுங்கள். கல்லூரிகளில் இதற்குப் ப்ளூம் வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். 1956-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட அந்த அட்டவணையில் நினைவில் கொள்ளுதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என ஆறு படிகள். உங்கள் விளைவுகள் எல்லாம் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிட்டால், நீங்கள் எழுதியிருப்பது பயிற்சித் திட்டமாக இருக்காது, விரிவுரைத் தொடராகத்தான் இருக்கும்.

5. தேர்வை இப்போதே எழுதுங்கள்

பலருக்கு மனம் ஒப்பாத படி இது. ஒரு பாடம்கூட எழுதாதபோது தேர்வா என்று கேட்பார்கள். ஆனால் நான் பார்த்த நல்ல பாடத்திட்டங்கள் எல்லாவற்றிலும் தேர்வு முதலில் வந்திருக்கிறது. தேர்வில் வராத எதையும் கற்பிக்க நேரம் இல்லை என்ற ஒழுங்கை அது உங்கள் மேல் சுமத்துகிறது.

நம் உதாரணத்தில் இறுதித் தேர்வு ஒரு கோப்பு. உள்ளே ஒரு கடையின் ஒரு மாதத் தாள்கள், சுமார் 60. அவற்றில் சில பொறிகள்: இரண்டு முறை வந்த ஒரே பில், தேதி இல்லாத ரசீது, புதுச்சேரி வாடிக்கையாளருக்கு அனுப்பிய சரக்கு, உரிமையாளரின் வீட்டுச் செலவு, கேஷ்புக்கில் இல்லாத வங்கிக் கட்டணம். மூன்று மணி நேரம். முடிவில் மாணவர் கொடுக்க வேண்டியவை: பதிவுகள், சரிகட்டும் பட்டியல், ஜிஎஸ்டி விவரத் தாள், பாக்கிப் பட்டியல், உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

அந்தக் கடைசித் தாளை விடாதீர்கள். தேதி இல்லாத ரசீதுக்குத் தேதியை ஊகித்து எழுதுகிறவரைவிட, 'இது எந்தத் தேதி?' என்று கேட்கிறவர்தான் கடைக்கு வேண்டியவர். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லையென்றால் வகுப்பிலும் அந்தப் பழக்கம் வராது.

மதிப்பெண் அளவுகோலையும் உடனே எழுதுங்கள். எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் எதிரெதிரே போட்டு மொத்தம் சமமா என்று பார்க்கும் பட்டியல்தான் ட்ரையல் பேலன்ஸ். 'ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் முழு மதிப்பெண்' என்று வைப்பது பெரிய பிழை. மென்பொருளில் பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரைச் சேமிக்கவே விடாது. ஆகவே தவறான கணக்கில் ஏற்றினாலும், ஒரு பில்லை முழுதாக விட்டுவிட்டாலும் ட்ரையல் பேலன்ஸ் அழகாகச் சமன் ஆகும். எந்தத் தாள் எந்தக் கணக்குக்குப் போனது என்பதைத்தான் மதிப்பிட வேண்டும்.

பிறகு கற்பிக்கப் போகிறவர் அந்தத் தேர்வை எழுதிப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மாணவருக்கு மூன்று மணி நேரம் போதாது. தாள்களைக் குறையுங்கள், பொறிகளைக் குறைக்காதீர்கள்.

6. நேரத்தை உள்ளபடி எண்ணுங்கள்

12 வாரம், வாரம் 5 வகுப்பு, ஆக 60 வகுப்பு, 90 மணி நேரம். நோட்டீஸில் 90 மணி என்று போடலாம். திட்டம் போட அந்த எண் உதவாது.

விடுமுறைக்கும் மழைக்கும் 5 வகுப்பு. ஒவ்வொரு விளைவும் முடிந்ததும் ஒரு சிறு தேர்வு, ஆக 5. இறுதித் தேர்வுக்கு 2. பின்தங்கியவர்கள் ஈடுசெய்ய 8. மீதம் 40. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாரும் வந்து அமர 10 நிமிடம், நேற்றைய வேலையைப் பார்க்க 10, முடிக்கும்போது சரிபார்க்க 10 போனால் 60 நிமிடம் மிஞ்சும். புதிதாகக் கற்க உங்களிடம் இருப்பது 40 மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எதை விடுவது என்ற முடிவு எளிதாகும்.

அந்த 40 வகுப்பைச் சமமாகப் பங்கிடாதீர்கள். தாள் பிரித்தலுக்கு 6, பதிவுக்கு 11, வங்கிக்கு 8, ஜிஎஸ்டிக்கு 11, பாக்கிப் பட்டியலுக்கு 4. தேர்வில் எங்கே பொறிகள் அதிகமோ, அங்கே நேரமும் அதிகம்.

எப்போது தொடங்குவது என்பதும் திட்டத்தின் பகுதிதான். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்குள் ஆயுத பூஜை, தீபாவளி வேறு. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாலை ஓய்வே கிடையாது. பொங்கல் முடிந்து தொடங்கினால் மார்ச் 31 நிதியாண்டு முடிவு நடுவில் வந்து, ஏற்கெனவே கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் காணாமல் போவார்கள். ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் முடிப்பது இந்தப் பயிற்சிக்கு எல்லாவற்றையும்விட நல்லது என்பது என் கருத்து. ஆடித் தள்ளுபடி நாட்களில் தி.நகர், புரசைவாக்கம் ஜவுளிக் கடைக்காரர்கள் சில நாள் வர மாட்டார்கள். ஈடுசெய்யும் வகுப்புகளில் இரண்டை அந்த வாரங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

7. எதற்கு முன் எது

ஒவ்வொரு விளைவையும் சிறு சிறு செயல்களாக உடைத்து, செயலுக்கு ஒரு அட்டை எழுதுங்கள். அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள்: இதைச் செய்ய எது முன்பே தெரிந்திருக்க வேண்டும்? அந்த அட்டை இதற்கு மேலே போக வேண்டும். கம்ப்யூட்டரில் செய்வதைவிடத் தரையில் செய்வது நல்லது. முழுப் படமும் ஒரே பார்வையில் தெரியும், இடம் மாற்றவும் தயக்கம் வராது.

இந்தப் பயிற்சியில் மூன்று இடங்களில் வரிசை முக்கியம்.

முதல் நாளே பற்று வரவு விதிகளைச் சொல்லாதீர்கள். கையில் பில் இல்லாதவருக்கு அந்த விதி வெறும் மனப்பாடம். முதல் வாரம் முழுக்கத் தாள்தான்: இது யார் யாருக்குக் கொடுத்தது, பணம் வந்ததா போனதா, கடனா ரொக்கமா? நூறு தாள் பிரித்தவருக்கு விதியைச் சொன்னால், ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் கிடைத்த மாதிரி இருக்கும்.

டாலி போன்ற கணக்கு மென்பொருளைத் தள்ளிப் போடுங்கள். சேர வருகிறவர்கள் 'டாலி எப்ப சார் ஆரம்பிப்பீங்க?' என்று இரண்டாம் நாளே கேட்பார்கள். அதற்கு இணங்கிவிடக் கூடாது. கையால் கேஷ்புக்கும், கணக்கு வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடும் எழுதி, ஒரு தப்பைத் தேடி அலைந்தவர்தான் மென்பொருள் காட்டும் எண்ணைச் சந்தேகிப்பார். மூன்று நான்கு வகுப்பு கையெழுத்து வேலை போதும். அதற்கு மேல் இழுத்தால் பொறுமை போய்விடும்.

வங்கிச் சரிகட்டலை ஜிஎஸ்டிக்கு முன்னால் வையுங்கள். இரண்டு பட்டியல்களை வரி வரியாக ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததற்குக் காரணம் தேடுவதுதான் வங்கிச் சரிகட்டல். கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி விவரத்தோடு ஒப்பிட்டு, உள்ளீட்டு வரி வரவைச் (வாங்கும்போது கொடுத்த வரியில் கழித்துக்கொள்ளக்கூடியதை) சரிபார்ப்பதும் அதே திறமைதான். முதலில் எளிய தாளில் அந்தக் கண் பழகிவிட்டால், பிறகு வரி விதி மட்டுமே புதிது. இரண்டும் ஒன்றாகப் புதிதாக வந்தால் மாணவர் மூழ்கிவிடுவார்.

பாடத் தலைப்புகளை இப்போது எழுதுங்கள். அட்டைகள் வரிசைக்கு வந்துவிட்டால் ஒரு மணி நேர வேலைதான்.

8. வகுப்புக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே பக்கம், அதற்கு மேல் வேண்டாம். என்ன விளைவுக்கு, என்னென்ன தாள் எத்தனை பிரதி, ஆசிரியர் எதைச் செய்து காட்டுவார், மாணவர் எதைச் செய்வார், யார் தவறவிட்டார் என்பதை முடிவில் எப்படிக் கண்டுபிடிப்பார்.

ஜிஎஸ்டி வகுப்பு ஒன்று இப்படி இருக்கலாம். கொடுப்பது ஆறு விற்பனை விவரங்கள்: சென்னைக் கடையிலிருந்து மதுரைக்கு, பெங்களூருக்கு, புதுச்சேரிக்கு எனச் சரக்கு அனுப்பியவை. ஆசிரியர் இரண்டைச் செய்து காட்டுவார்: மாநிலத்துக்குள் இருக்கும் மதுரைக்கு சிஜிஎஸ்டியும் (மத்திய வரி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில வரி), மாநிலம் தாண்டும் பெங்களூருக்கு ஐஜிஎஸ்டி. மற்ற நான்கை மாணவர் செய்வார். புதுச்சேரி பில்லில் பலர் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்று நினைத்து இரண்டாகப் பிரிப்பார்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. அங்கே ஐஜிஎஸ்டி. முடிவில் புதிதாக ஒரு விவரத்தைக் கொடுத்து, விடையைத் துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். தவறாக எழுதியவர்களின் பெயர்கள் ஈடுசெய்யும் வகுப்புப் பட்டியலில் சேரும்.

தமிழ் வழியில் பிளஸ் டூ வணிகவியல் படித்தவருக்கு இருப்பாய்வு தெரியும், ஆங்கில வழிக்காரருக்கு ட்ரையல் பேலன்ஸ் தெரியும். திரையில் வருவது ஆங்கிலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒரு சொல் பட்டியலை முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்.

பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை: இந்தத் துறை தெரிந்த வேறொருவர், உங்களிடம் எதுவும் கேட்காமல், அதை வைத்து வகுப்பு எடுக்க முடிய வேண்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்த நாளில் அந்தச் சோதனை எப்படியும் நடக்கும்.

9. மாறுகிறவற்றைத் தனியே வையுங்கள்

வரி விகிதம், ரிட்டர்ன் கெடுத் தேதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. விகிதங்கள், மென்பொருள் திரைப் படங்கள். இவற்றைப் பாடக் குறிப்பின் நடுவே அச்சிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகித அடுக்குகள் மாறின. 12, 28 சதவீதத்தில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5, 18-க்கு நகர்ந்தன, சிலவற்றுக்கு 40 சதவீதம் வந்தது. விகிதங்களைத் தனித் தாளாக வைத்திருந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

பாடக் குறிப்பில் 'விகிதத் தாளைப் பார்க்கவும்' என்று எழுதுங்கள். தாளின் மேலே தேதி போடுங்கள். எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதையும் மாணவருக்குக் கற்பியுங்கள். தேர்விலும் விகிதத் தாளைக் கையில் கொடுத்துவிடலாம், அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை வேலையில் யாருக்கும் இல்லை.

10. கல்லூரிக்கு எழுதுகிறீர்கள் என்றால்

வரிசை இதேதான், வடிவம் மட்டும் வேறு. அண்ணா பல்கலைக்கழக முறையில் எழுதுகிறவர்களுக்கு எல்-டி-பி-சி (விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட்) பழக்கம்: வாரம் ஒரு விரிவுரை வேளைக்கு (பீரியடுக்கு) ஒரு கிரெடிட், ஒரு ஆய்வக வேளைக்கு அரை கிரெடிட். தேசிய கிரெடிட் கட்டமைப்பில், வகுப்புக்கு வெளியே படிப்பதையும் சேர்த்து, 30 கற்றல் மணி நேரம் ஒரு கிரெடிட்.

மூன்று கிரெடிட் தாள் என்றால் 45 வேளை, ஐந்து யூனிட், யூனிட்டுக்கு 9 வேளை என்ற அச்சு தயாராக இருக்கும். அந்த அச்சில் நேரடியாக எழுதத் தொடங்குவதுதான் கல்லூரிகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. எளிய பகுதியும் கடினமான பகுதியும் ஒரே 9 வேளையில் அடைபடும். முதலில் மேலே சொன்னபடி முழுதும் எழுதிவிட்டு, கடைசியில் ஐந்தாக மடியுங்கள். கடினமான விளைவு இரண்டு யூனிட் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

கற்றல் விளைவையும் திட்ட விளைவையும் (முழுப் படிப்பின் முடிவில் வர வேண்டியதையும்) பொருத்தத்தின் அளவுக்கு ஏற்ப 1, 2, 3 என்று பொருத்தும் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 3 போடாதீர்கள். எந்தத் தேர்வுக் கேள்வி அதை நிரூபிக்கிறது என்று காட்ட முடிகிற கட்டத்தில் மட்டும் எண் போடுங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு, பிறகு கல்விக் குழு என்று இரண்டு ஒப்புதல் உண்டு. அந்தக் கூட்டத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எழுதத் தொடங்க வேண்டும்.

11. முதல் பேட்ச், அதன்பின் திருத்தம்

முதல் பேட்சில் ஆட்களைக் குறைவாகச் சேருங்கள், கட்டணத்தையும் குறையுங்கள். வகுப்பு முடிந்த கையோடு, அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே மூன்று குறிப்பு: திட்டமிட்ட நேரமும் ஆன நேரமும் எவ்வளவு, ஒருவருக்கு மேல் கேட்ட கேள்வி என்ன, துண்டுத்தாளில் எத்தனை பேர் தவறு. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டோம்.

பேட்ச் நடக்கும்போதே திட்டத்தை மாற்றாதீர்கள். ஒரு வகுப்பு சரியாகப் போகவில்லை என்றால் ஈடுசெய்யும் வகுப்பைப் பயன்படுத்துங்கள். முழுத் திருத்தமும் பேட்ச் முடிந்த பிறகுதான். நடுவில் வரிசையை மாற்றினால் பின்னால் வரும் பத்து அட்டைகள் குழம்பும். கோளாறு எங்கே இருந்தது என்பதும் கடைசியில் தெரியாமல் போகும்.

திருத்தும்போது முதலில் இறுதித் தேர்வு விடைகளை எடுங்கள். எந்தப் பொறியில் அதிகம் பேர் விழுந்தார்கள்? அதற்குரிய வகுப்புப் பக்கத்தை எடுத்து, அங்கே மாணவர் கையால் செய்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியர் பேசிய நேரம் அதிகமாக இருக்கும். உடனே புதிய பாடம் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். பேச்சைக் குறைத்துப் பயிற்சித் தாளைக் கூட்டுங்கள்.

மூன்று மாதம் கழித்து, வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் அவர்களை எடுத்தவர்களுக்கும் போன் செய்து, மூன்றாவது படியில் கேட்ட அதே கேள்விகளைக் கேளுங்கள். புதிதாக வரும் தவறு ஒவ்வொன்றும் அடுத்த தேர்வுக் கோப்பில் ஒரு பொறியாகச் சேரட்டும். ஒன்றைச் சேர்த்தால், இப்போது யாரும் விழாத ஒன்றை எடுத்துவிடுங்கள், தாள்களின் எண்ணிக்கை 60-ஐத் தாண்ட வேண்டாம்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டுப் பழைய பதிப்பையும் வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு முதலாளி சான்றிதழைக் காட்டி 'இவங்க என்ன படிச்சாங்க?' என்று கேட்டால், அந்த பேட்சின் தேர்வுக் கோப்பையே எடுத்துக் காட்டலாம்.